'ஹெவி ரெயின்' சரி, 'ஹெவி ஃபீவர்' ஏன் தப்பு?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இண்டர்வியூவில், "போன தடவை கூப்பிட்டப்ப ஏன் வரலை?" என்று கேட்டிருக்கிறார்கள். இவர், "ஐ ஹேட் ஹெவி ஃபீவர், சார்" என்றிருக்கிறார். எதிரே உட்கார்ந்திருந்தவர் சிரித்துக்கொண்டே, "எத்தனை கிலோ?" என்றாராம். "ஹெவி ரெயின்னு பேப்பர்லயே போடுறான். ஹெவி டிராஃபிக்னு எல்லாரும் சொல்றாங்க. காய்ச்சலுக்கு மட்டும் ஏன் சார் ஹெவி வரக்கூடாது? எங்கே வரும், எங்கே வராதுன்னு ஏதாவது கணக்கு இருக்கா?" இதுதான் கேள்வி.

சிரித்தவரை முதலில் விட்டுத் தள்ளுங்கள் தம்பி. அவரும் அன்றைக்கு ஹெவி டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போயிருப்பார். அது எத்தனை கிலோ என்று யாரையும் கேட்டிருக்க மாட்டார். நீங்கள் சொன்னது அவருக்குப் புரிந்துவிட்டது, அதனால்தான் சிரிப்பே வந்தது. ஆனாலும் உங்கள் கேள்வி நல்ல கேள்வி. 31 வருஷம் பாபநாசம், கும்பகோணம் வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தியிருக்கிறேன். இந்த ஒரு சொல்லில் பிள்ளைகள் சறுக்குவதை வருஷா வருஷம் பார்த்தேன். ஏன் சறுக்குகிறார்கள் என்பது எனக்குப் பிடிபட ரொம்ப நாளாயிற்று.

சறுக்கல் நம் தமிழிலேயே ஆரம்பிக்கிறது. நம் பேச்சில் ஹெவி என்றால் 'ரொம்ப' என்று ஆகிவிட்டது. "ஹெவியா பசிக்குது", "பையன் ஹெவியா படிக்கிறான்", "கல்யாணத்துல ஹெவி கூட்டம்", "வெயில் ஹெவி". எதன் முன்னாலும் போடலாம், எல்லாவற்றுக்கும் பொருந்தும். தமிழ் பேசும்போது இதில் ஒரு தப்பும் இல்லை. கடன் வாங்கிய சொல்லை வாங்கியவன் இஷ்டத்துக்குத்தான் செலவு பண்ணுவான். ஆனால் அதே பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குள் போனால் இடிக்கும். அங்கே ஹெவி எல்லோரோடும் சேர்ந்து உட்காராது. சில பெயர்ச்சொற்களோடு மட்டும் ஒட்டும், சிலவற்றைக் கண்டால் எழுந்து போய்விடும்.

அகராதியைத் திறந்தால் முதல் அர்த்தம் 'எடை அதிகமான' என்று இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டால் மூட்டை, இரும்பு, அம்மி எல்லாம் சரியாக வரும். மழைக்கு வந்ததும் திணறும். மழையை யார் நிறுத்தார்கள்? ஆகவே எடையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். சொல்லின் பிறப்பிலிருந்து ஆரம்பியுங்கள். பழைய ஆங்கிலத்தில் இது 'ஹெஃபிக்'. தூக்குவது என்ற பொருள் கொண்ட 'ஹீவ்' என்ற வினையும் இதுவும் ஒரே வேரில் கிளைத்தவை. தூக்குகிறவன் பெருமூச்சோடு சொன்ன சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தராசு பார்க்கிறவன் சொன்னதாக எடுத்துக்கொண்டால் வழி தவறிவிடும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு லோடுமேன். எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டு, முறை வருவதற்காகக் காத்துக் கிடந்தேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று கருவியில் பார்ப்பார்கள், தூற்றுவார்கள், அப்புறம் 40 கிலோ சிப்பமாகப் பிடித்து, தைத்து, அடுக்குவார்கள். காலையில் அந்த மனிதர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே நடந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு அவரே ஒரு மூட்டையைப் பாதி வழியில் இறக்கிவைத்துவிட்டுத் துண்டை உதறினார். "காலைல நாப்பது நாப்பதா இருந்துச்சு சார், இப்ப அறுபதா இருக்கு" என்றார். அதே சிப்பம், அதே எடைமேடை. வெயிட் கூடவில்லை, ஹெவி கூடியிருக்கிறது. இதை ஆங்கிலத்தில் அப்படியே சொல்லலாம்: "த பேக்ஸ் காட் ஹெவியர் அஸ் த டே வென்ட் ஆன்." எந்த வெள்ளைக்காரனும் இதைத் தப்பென்று சொல்ல மாட்டான். எடையைச் சொல்ல வெயிட் இருக்கிறது. அது ஒருவனை எப்படி அழுத்துகிறது என்பதைச் சொல்லத்தான் ஹெவி.

இதைப் பிடித்துக்கொண்டால் ஒரு பெரிய கூட்டம் தானாக வரிசையில் வந்து நிற்கும். வரி ஹெவி, அபராதம் ஹெவி, பொறுப்பு ஹெவி, நஷ்டம் ஹெவி, வேலைப்பளு ஹெவி. 'பளு' என்று தமிழிலேயே சொல்கிறோம், பாருங்கள். எதையும் தராசில் வைக்க முடியாது. ஆனால் எல்லாமே யாரோ ஒருவர் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. "ஹி பெய்ட் எ ஹெவி ப்ரைஸ்" என்றால் அவன் செய்த காரியத்துக்காகப் பெரிய கஷ்டத்தை அனுபவித்தான் என்று அர்த்தம். கடையில் கத்திரிக்காய் விலை கூடிவிட்டது என்பதற்கு "ப்ரைஸ் இஸ் ஹெவி" என்று சொன்னால் நிற்காது. அங்கே 'ஹை'தான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன், உங்கள் காய்ச்சலும் அந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டது.

'ஹெவி ஸ்லீப்பர்' என்று ஒரு பிரயோகம் உண்டு. இடி விழுந்தாலும் எழுந்திருக்காத ஆள். தூக்கத்திலிருந்து அவனைத் தூக்கி எடுக்க வேண்டியிருக்கிறது. தமிழிலும் தூக்கமும் தூக்குவதும் உறவுக்காரர்கள்தான். பழைய தமிழில் தூங்குதல் என்றால் தொங்குதல். தூக்கணாங்குருவிக் கூடு தொங்குகிறதல்லவா, அந்தத் தூக்கு. தொங்கவைப்பது தூக்குவது. தராசில் தொங்கவிட்டு எடை பார்த்ததால்தான் 'சீர்தூக்கிப் பார்' என்கிறோம். வகுப்பில் இந்த இடம் வந்தால் நான் பாடத்தை விட்டுவிட்டு அரை மணி நேரம் பேசுவேன், மணி அடித்துவிடும்.

மழைக்கு வருவோம். நம் ஊரில் ஹெவி என்ற சொல்லை அதிகமாக உழைக்கவைப்பது மழைதான். ஐப்பசி, கார்த்திகையில் டிவியைப் போட்டால் "ஓரிரு இடங்களில் கன முதல் மிக கனமழை" என்ற வாக்கியம் வராத நாள் கிடையாது. இது வானிலைத் துறையின் ஆங்கில வாக்கியத்திலிருந்து வந்தது. அங்கே ஹெவி என்பதற்கு அளவு வைத்திருக்கிறார்கள். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை பெய்தால் ஹெவி, நம் கனமழை. 115.6 முதல் 204.4 வரை வெரி ஹெவி, மிக கனமழை. அதற்கும் மேலே போனால் எக்ஸ்ட்ரீம்லி ஹெவி, அதி கனமழை. ஆக, ஆறு சென்டிமீட்டர் பெய்தால் ஆபீஸ் கணக்கில் அது மிதமான மழைதான், மாடரேட். தை மாதத்தில் அறுப்புக்கு நிற்கிற சம்பா மேல் அந்த ஆறு சென்டிமீட்டர் விழட்டும், கதிர் தரையோடு படுத்துவிடும். அந்த விவசாயியிடம் போய் இது மாடரேட் என்று சொல்லிப் பாருங்கள். அவர் சொல்லும் ஹெவி முன்னே சொன்ன லோடுமேனின் ஹெவி, ஆபீஸ் சொல்வது எண். ஆங்கிலத்தில் இரண்டும் செல்லும். பேச்சில் "வீ ஹேட் ஹெவி ரெயின் லாஸ்ட் நைட்" என்று சொல்ல மழைமானி தேவையில்லை.

அந்த வானிலை அறிக்கையை இன்னும் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். "பலத்த காற்றுடன் கூடிய கனமழை" என்று வரும். காற்றுக்குப் பலம், மழைக்குக் கனம். ஆங்கிலமும் இதே பாகப்பிரிவினையைத்தான் செய்திருக்கிறது: ஸ்ட்ராங் விண்ட், ஹெவி ரெயின். ஹெவி விண்ட் என்று எழுதிய பிள்ளைகளுக்கு நான் மார்க் குறைத்ததில்லை. ரேடியோவில் சொல்வதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன், அவர்களே அடித்துத் திருத்திவிடுவார்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதே, அன்றைக்குப் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது ஸ்ட்ராங் விண்ட். விழுந்த மரத்தை எண்ணிப் பார்த்தவனுக்கு வந்தது ஹெவி லாஸ். ஒரே புயலில் இரண்டு சொல்லும் இடம் மாறாமல் நிற்கின்றன. (பலத்த மழை என்றும் நாம் சொல்வதுண்டு. அந்த இடத்தில் தமிழைக் கேட்காதீர்கள், ரேடியோவை மட்டும் கேளுங்கள்.)

இப்போது நீங்கள் கேட்ட கணக்கு. இலக்கணப் புத்தகத்தில் இது இருக்காது, நான் வகுப்பில் வைத்துப் பார்த்துப் பெரும்பாலும் பலித்த ஒரு சோதனை. அந்தப் பொருளுக்குத் தமிழில் என்ன வினை போடுகிறோம் என்று பாருங்கள். காய்ச்சல் என்ன செய்கிறது? ஏறுகிறது, இறங்குகிறது. விலை? ஏறுகிறது, இறங்குகிறது. பிரஷர், சுகர், சம்பளம், வேகம் எல்லாம் ஏறும், இறங்கும். ஏறி இறங்குவதற்கெல்லாம் ஆங்கிலத்தில் ஹை. ஆகவே ஹை ஃபீவர், ஹை ப்ரைஸ், ஹை சேலரி, ஹை பிபி. காய்ச்சல் தெர்மாமீட்டரில் மேலே போகிற சமாச்சாரம், யார் தலையிலும் மூட்டையாக உட்காருவதில்லை. "எனக்கு உட்கார்ந்த மாதிரிதான் சார் இருந்தது" என்பீர்கள். இருந்திருக்கும், ஆனால் ஆங்கிலேயன் அதை வைத்துப் பெயர் வைக்கவில்லை.

கொட்டுவதும் அழுத்துவதும் ஹெவி. மழை கொட்டுகிறது, மார்கழியில் பனி கொட்டுகிறது, ரத்தம் கொட்டுகிறது. ஹெவி ரெயின், ஹெவி டியூ, ஹெவி ப்ளீடிங். கடன் அழுத்துகிறது, வேலை அழுத்துகிறது, மனசு கனக்கிறது. ஹெவி டெட், ஹெவி வொர்க்லோட், ஹெவி ஹார்ட். இதில் ரொம்ப அழகாக வருவது ஆறு. ஆடியில் கொள்ளிடம் பாலத்தில் நின்று பார்த்தால் "தண்ணி ஏறுது"ன்னுதான் சொல்வோம். ஆங்கிலத்திலும் "த ரிவர் இஸ் ஹை". அந்தத் தண்ணீரே மேட்டூருக்குள் கொட்டும்போது பேப்பர்காரர் "ஹெவி இன்ஃப்ளோ" என்று போடுவார். தண்ணீர் ஒன்றுதான், நிற்கிற இடம் மாறினால் சொல் மாறுகிறது.

இந்தச் சோதனை கவிழ்கிற இடங்களும் உண்டு. பணமும்தான் கொட்டுகிறது, அதற்கு ஹெவி மணி கிடையாது. தேளும் கொட்டும், அதை விடுங்கள். வலி ஏறுகிறது என்றாலும் ஹை பெயின் இல்லை. வலிக்கு சிவியர். தமிழில் கடுமையான வலி என்கிறோமே, அந்தக் கடுமை. பசிக்கு ஒரு பெயரடையும் வேண்டாம், "ஐ அம் வெரி ஹங்ரி" போதும். போட்டிக்கு டஃப் அல்லது ஸ்டிஃப். கூட்டத்துக்கு ஹ்யூஜ். மகாமகக் கூட்டத்தை ஹெவி கிரவுட் என்று நம் பேப்பர்கள் போடுவதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். இந்தியாவில் ஓடும், வெளிநாடு போகிறவர்கள் எழுதுகிற ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் எழுத வேண்டாம்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் நாம் நாள் பூராவும் அதைப் பற்றித்தான் பேசுகிறோம். ஹெவி லஞ்ச், ஹெவி டிஃபன் சரி. அளவிலும் அதிகம், வயிற்றிலும் உட்கார்ந்துகொள்ளும். ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா ஹெவி. இட்லி லைட். காபிக்கு மட்டும் ஹெவி வராது. கும்பகோணம் டிகிரி காபியை டிகாக்ஷன் கூட்டிக் கேட்க வேண்டுமானால் ஸ்ட்ராங் காபி. டீயும் ஸ்ட்ராங்தான். காற்றைப் போல, வாசனையைப் போல, மூக்கில் வந்து அடிக்கிறதல்லவா, அப்படி நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பிரயோகம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை. "ரசத்துல உப்பு தூக்கலா இருக்கு" என்கிறோம். இந்தத் 'தூக்கலா'வை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். "டூ மச் சால்ட்" என்றேன். அது குற்றம் சாட்டுகிற மாதிரி இருக்கிறது, தூக்கல் என்பது அப்படியில்லையே என்றாள். நியாயம்தான். "காரம் கொஞ்சம் தூக்கலா போடு" என்று விரும்பியும் கேட்கிறோம். யோசித்தபோது கிடைத்தது 'ஹெவி ஆன்': "த ரசம் இஸ் எ லிட்டில் ஹெவி ஆன் த சால்ட்." குறையும் சொல்லலாம், ருசியும் சொல்லலாம். எதிர்ப்பதமாக, சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்ல "கோ ஈசி ஆன் த சுகர்". தூக்கிலிருந்து பிறந்த ஹெவியும், தூக்கிலிருந்து பிறந்த தூக்கலும் ரசத்தில் போய்ச் சந்தித்துக்கொண்டதில் எனக்கு ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தது. வீட்டில் யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை.

மனிதர்களுக்கு ஹெவி போடும்போது இரண்டு விதம். "ஹி இஸ் எ ஹெவி மேன்" என்றால் ஆள் குண்டு. "ஹெவி ஸ்மோக்கர்", "ஹெவி ட்ரிங்கர்", "ஹெவி ஈட்டர்" என்றால் ஆளின் எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, செய்கிற காரியத்தின் அளவு அது. என் சித்தப்பா ஒருவர் 48 கிலோ. நாளைக்கு இரண்டு கட்டு பீடி. பந்தியில் உட்கார்ந்தால் மூன்றாம் தடவை சாம்பார் வரும்வரை எழுந்திருக்க மாட்டார். ஹெவி ஸ்மோக்கர், ஹெவி ஈட்டர், லைட் மேன்.

உடம்பைப் பற்றிப் பேசும்போதுதான் உண்மையிலேயே கவனம் தேவை. என் ஒன்றுவிட்ட அண்ணன், வலங்கைமான் பக்கம், மகனைப் பார்க்க பெங்களூர் போயிருந்தார். ஒரு நாள் காலையில் நெஞ்சு பாரமாக இருந்திருக்கிறது. மகன் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் இவர் தமிழ் தெரியாத டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்து, "டாக்டர், மை ஹார்ட் இஸ் வெரி ஹெவி" என்றிருக்கிறார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, ரொம்பப் பரிவாக, "வீட்டில் ஏதாவது துக்கமா?" என்று கேட்டாராம். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. நெஞ்சு பாரமென்று சொன்னால் ஏன் வீட்டை விசாரிக்கிறார்? மகன் ஓடிவந்து விளக்கிய பிறகுதான் ஈசிஜி எடுத்தார்கள். பயப்படும்படி எதுவும் இல்லை. ஆனால் பயப்படும்படி இருந்திருந்தால்? ஆங்கிலத்தில் ஹெவி ஹார்ட் என்றால் துயரம், அவ்வளவுதான். உடம்பில் தெரிகிற பாரத்துக்கு "மை செஸ்ட் ஃபீல்ஸ் ஹெவி" அல்லது "ஐ ஃபீல் எ ஹெவினெஸ் இன் மை செஸ்ட்". ஹார்ட் வேண்டாம், செஸ்ட். இந்தப் பதிலில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும். வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

தலைக்கு எதிர்த்திசையில் ஒரு வேடிக்கை. தூக்கமில்லாமல் தலை பாரமாக இருந்தால் "மை ஹெட் ஃபீல்ஸ் ஹெவி", சரி. நம் 'தலைக்கனம்' அது இல்லை. திமிர் பிடித்தவனை ஹெவி ஹெட் என்றால் ஆங்கிலேயனுக்குப் புரியாது, அவன் 'பிக் ஹெட்' என்பான். அவனுக்குத் தலை பெருக்கிறது, நமக்குக் கனக்கிறது. கனம் என்ற நம் சொல் மரியாதைப் பக்கமும் போகும். 'கனம் கோர்ட்டார் அவர்களே' என்பதில் இருக்கிற கனமும் இதுதான். ஆங்கில ஹெவிக்கு அந்தப் பக்கம் போக வழியில்லை.

விவசாயக் குடும்பத்துப் பிள்ளை நீங்கள் என்பதால் மண்ணைச் சொல்லாமல் விடக்கூடாது. வேளாண்மைத் துறையினர் 'ஹெவி சாயில்' என்பார்கள். நம் பழைய டெல்டாவின் களிமண் அது. மணல்சாரி மண் 'லைட் சாயில்'. இதை எடை என்று எடுத்துக்கொண்டால் தலைகீழாகிவிடும். காய்ந்த மணலையும் காய்ந்த களியையும் ஒரே பெட்டியில் மாற்றி மாற்றி நிரப்பி நிறுத்தால் பெரும்பாலும் மணல்தான் கூடுதலாக நிற்கும். பிறகு களி எப்படி ஹெவி? மழை பெய்த மறுநாள் களிமண் வயலில் கால் வைத்திருப்பீர்கள், செருப்போடு சேர்த்து இழுக்கும். ஏர் மாடு நுகத்தில் அந்த இழுப்பு தெரியும், இப்போது டிராக்டரின் சத்தத்திலேயே தெரிகிறது. உழுகிறவனுக்கு ஹெவி. லோடுமேன் சொன்னதேதான்.

சட்டமும் விஞ்ஞானமும் மட்டும் இந்தச் சொல்லைத் தராசில் ஏற்றி உட்காரவைத்துவிட்டன. "அவன் ஹெவி எடுத்துட்டான்" என்று டிரைவர்கள் சொல்வது ஹெவி லைசென்ஸை. மோட்டார் வாகனச் சட்டத்தில், சரக்கோடு சேர்த்து மொத்த எடை 12,000 கிலோவைத் தாண்டினால்தான் அது கனரகச் சரக்கு வாகனம். கல்பாக்கம் அணு உலைகளில் ஓடுகிற கன நீர், ஹெவி வாட்டர், நிஜமாகவே கனம்தான். ஒரு லிட்டர் சுமார் 1.1 கிலோ இருக்கும். திருச்சியில் பெல் இருக்கிறதே, அதன் பெயரில் உள்ள 'ஹெவி எலக்ட்ரிகல்ஸ்' தமிழில் என்ன ஆயிற்று தெரியுமா? பாரத மிகுமின் நிறுவனம். கனமின் என்று வைக்கவில்லை, 'மிகு' என்று வைத்தார்கள். ஆவடி டாங்கித் தொழிற்சாலையின் ஹெவி வெஹிக்கிள்ஸ் 'திண்ணூர்தி' ஆயிற்று. லாரி 'கனரகம்' ஆயிற்று. மிகு, திண், கன. ஒரு ஹெவிக்கு மூன்று தமிழ். மூன்றும் அந்தந்த இடத்துக்குப் பொருந்தித்தான் இருக்கின்றன. மொழிபெயர்த்தவர்கள் யாரோ, பக்கத்துச் சொல்லைப் பார்த்துவிட்டுத்தான் இந்தச் சொல்லைத் தேர்ந்திருக்கிறார்கள்.

இலக்கணத்தில் இரண்டு விஷயம், சுருக்கமாக. வினையோடு வரும்போது ஹெவிலி: "இட் ரெயின்ட் ஹெவிலி." "ரெயின்ட் ஹெவி" என்று எழுதாதீர்கள். இதற்குப் பதில் "இட் ரெயின்ட் ஹார்ட்" என்றும் சொல்லலாம் (இது இதயம் என்கிற ஹார்ட் இல்லை, கடினம் என்கிற ஹார்ட்). அங்கே ஒரு 'லி' சேர்த்து ஹார்ட்லி என்று போட்டுவிட்டால் போச்சு, "கிட்டத்தட்ட மழையே பெய்யவில்லை" என்று ஆகிவிடும். விண்ணப்பத்தில் "ஐ வொர்க் ஹார்ட்லி" என்று எழுதிக் கொடுத்த பையனை எனக்குத் தெரியும். உண்மையைத்தான் எழுதியிருந்தான், பாவம். ஒப்பிடும்போது ஹெவியர், ஹெவியஸ்ட். முன்னால் மோர் வேண்டாம். ஹெவிலிக்கு ஒரு விதிவிலக்கு: வேலையில்லாமல் பொழுது போகாதவனுக்கு "டைம் ஹேங்ஸ் ஹெவி". அங்கே லி இல்லை. ரிட்டையர் ஆன பிறகு அதன் அர்த்தம் எனக்கு நன்றாகவே தெரியும், இல்லாவிட்டால் ஒரு சொல்லுக்கு இவ்வளவு எழுதுவேனா?

உங்கள் வாக்கியத்துக்கு வருகிறேன். "ஐ ஹேட் எ ஹை ஃபீவர், சார்." அந்த 'எ' முக்கியம், அதை விட்டுவிடாதீர்கள். இன்னொன்று. அன்றைக்குக் காய்ச்சலை விட்டுவிட்டுச் சளியைச் சொல்லியிருந்தால், "ஐ ஹேட் எ ஹெவி கோல்ட்" என்பது அசல் ஆங்கிலம், லண்டன்காரனே அப்படித்தான் சொல்வான். கிலோ கேட்டவர் வாயைத் திறந்திருக்க முடியாது.